மூன்று நிமிடச் சுருள்

எங்கள் வயதுக்காரரில் ஊர்காவற்றுறையில் வளர்ந்தவர்களுக்கு எங்கள் வீட்டு வலையறை நினைவிருக்கும். சேமக்காலைக்குப் போகிற ஒழுங்கை தொடங்கும் மூலையில், யன்னலே இல்லாத அந்த நீள அறை. சோளகக் காற்றடிக்கிற ஒரு பருவம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நீங்கள் எல்லாரும் அங்கே வந்து, சாக்கு விரித்துக் குந்தியிருந்து படம் பார்த்திருக்கிறீர்கள். பனியில் சறுக்கி விழுந்த தொப்பிக்கார மனுசியைக் கண்டு நீங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வளவு நாய் குரைக்கும். திரும்பவும் விழுத்தச் சொல்லிக் கேட்பீர்கள். மாமா சுருளைப் பின்பக்கமாக ஓடவிடுவார். மனுசி பனியிலிருந்து தானாக எழும்பி, பின்னுக்கு நடந்து வீட்டுக்குள் போவாள்.

அந்தப் படக்காட்சி ஒருநாள் நின்றது. ஏன் என்று கேட்டு வந்தவர்களை அம்மா படலையிலேயே மறித்து அனுப்பினார். அன்றைக்குக் காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்மா. அவர் போய் முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. மற்றது நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அவருடைய மனைவியை, என் மாமியை, உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். கோயிலில் பாட்டுக்காரரோடு நின்று பாடுகிறவர், கொஞ்சம் உயரம். மாமி இரண்டாவது பிள்ளைப்பேறில் இறந்தார். பிள்ளையும் தங்கவில்லை. மாமா அப்போது எந்தக் கடலில் நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது. தந்தி கப்பல் கொம்பனிக்குப் போய், அங்கிருந்து ஒரு துறைமுகத்துக்குப் போய், அதற்குள் கப்பல் அங்கிருந்து வெளிக்கிட்டு, கடைசியில் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, சேமக்காலையில் மாமியைப் புதைத்த மண் இறுகிப் புல்லும் முளைத்துவிட்டது.

வாடகைக் காரிலிருந்து இரண்டு றங்குப்பெட்டியும் ஒரு மரப்பெட்டியும் இறங்கின. மாமா நேரே சேமக்காலைக்குப் போய், பொழுதுபட்ட பிறகு வந்து படுத்தார். பெட்டிகள் மூன்று நாள் விறாந்தையில் அப்படியே கிடந்தன. கப்பல்காரர் கொண்டுவருவது சீலை, வாசச் சவர்க்காரம், றேடியோ என்றுதான் எங்களுக்குத் தெரியும். நாலாம் நாள் மாமா பெட்டியைத் திறந்தபோது அப்பா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். உள்ளே வட்ட வட்டமான ரின்கள், அடுக்கடுக்காக.

"என்ன இது, பிஸ்கற்றோ?"

"படம், அத்தான்."

"ஆற்ற படம்?"

"தெரியாது."

அப்பா எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பெண்சாதி செத்த வீட்டுக்கு, ஆரெண்டு தெரியாத ஆக்களின்ர படத்தைக் கொண்டு வந்திருக்கிறான் உன்ர தம்பி. தலையில தட்டிப்போட்டுது போல."

அந்தப் பருவம் முழுக்க அப்பா அதே கருத்தோடுதான் இருந்தார். அது பிழை என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாமாவின் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. தாய் செத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான். எனக்கு மச்சாள் முறை. எனக்கு ஒன்பது. அம்மாவின் பக்கத்தில் நான் படுத்த இடத்தில் அவள் படுத்தாள். "நீ பெரிய பிள்ளையெல்லோ" என்று என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். மீனில் முள் எடுத்து ஊட்டுவது அவளுக்கு. தலை பின்னுவது முதலில் அவளுக்கு. மாமி செத்து இரண்டு மாதத்துக்குள் அவள் என் அம்மாவை "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கினாள். தகப்பனின் அக்கா, முறைப்படி "மாமி" என்றுதான் கூப்பிடவேண்டும். அம்மா திருத்தவில்லை. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த கையோடு போயின. அவள் "அம்மா" என்று கூப்பிடும்போது அம்மாவின் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் சுவரோரம் படுத்துக்கொண்டு பார்ப்பேன்.

மாமா வந்து இறங்கிய அன்று, அவள் அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளித்துநின்று கேட்டாள். "அம்மா, இது ஆர்?"

மாமா அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியதும், பதில் வரமுதல் படலையைத் திறந்து சேமக்காலைப் பக்கம் நடந்ததும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்கு முந்தின வருசம்தான் எங்கள் வீதிக்குக் கறன்ற் வந்திருந்தது. மாமா வலையறையின் உட்சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்தார். ஓட்டு நீக்கலுக்குள்ளால் வெயில் விழுந்த இடங்களில் சாக்குத் துண்டுகளைத் திணித்தார். கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் கும்மிருட்டு. வலைகளின் உப்பு மணமும் கருவாட்டு மணமும் போகவேயில்லை. மாமா கொண்டுவந்த புறொஜெக்ரரின் பல்ப்பு சூடேறியதும் அதோடு வெந்த தூசி மணமும் சேர்ந்துவிடும். தையல் மெசின் ஓடுவது போல ஒரு சத்தம். பிறகு சுவரில் ஆட்கள்.

மாமா அந்தச் சுருள்களைச் சேர்த்த விதத்தை எனக்குச் சொன்னார். அந்த நாடுகளில் பணமுள்ள குடும்பங்கள் சின்னக் கமெராவால் தங்கள் வீட்டு நன்மை தின்மைகளைப் படமெடுத்து வைத்திருப்பார்கள். பெரியவர்கள் செத்த பிறகு பிள்ளைகள் வீட்டைத் துப்புரவாக்கி எல்லாவற்றையும் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். கமெராவுக்கு ஆள் வரும். சுருளுக்கு ஒருவரும் வருவதில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் மாமா அந்தக் கடைகளைத் தேடிப் போயிருக்கிறார். ஒவ்வொரு ரின்னிலும் பிளாஸ்ரர் ஒட்டி நீல மையால் எழுதியிருந்தார். "பனி, தொப்பிக்காரி." "கலியாணம், மழை." "கிழவனும் பேத்தியும், வாத்து." பார்த்து முடிக்காத சுருள்கள் பெயரில்லாமல் மரப்பெட்டிக்குள் கிடந்தன.

"ஏன் மாமா இதுகளைச் சேர்க்கிறீங்கள்?"

"கடைக்காரன் குப்பையில போடப் போனான், பிள்ளை. உள்ளுக்க ஆக்கள் இருக்கினமெல்லோ."

மாமா வந்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான் மாமியின் சுருளைப் பற்றிச் சொன்னார். அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவளின்ர படமும் ஒண்டு கிடக்கு."

அம்மா கத்தியை வைத்தார். "ஆற்ற?"

"போன லீவில நான் எடுத்தது. வெளியில குடுத்துத்தான் கழுவவேணும். கழுவி எடுத்து, அவளுக்குப் போட்டுக் காட்டுவமெண்டு கொண்டு வந்தனான். இந்த மெசினே அதுக்குத்தான் வாங்கினது." கீழே கிடந்த மீன் செதிலைக் காலால் தள்ளினார். "அவள் பார்க்கேல்லை."

ஞாயிறு இல்லாத ஒரு கிழமை நாளில், பின்னேரம் மூன்று மணிபோல, எங்கள் வீட்டார் மட்டும் வலையறைக்குள் இருந்தோம். அப்பா வரவில்லை. மாமா தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் டப்பாவை எடுத்துச் சுருளைப் பூட்டினார். அவருடைய விரல்கள் அன்றைக்கு மட்டும் இரண்டு முறை தவறின.

மாமி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கமெராவைக் கண்டு சீலைத் தலைப்பால் முகத்தை மூடினார். பிறகு மூடினதை விலக்கிச் சிரித்தார். போங்கோ அங்கால என்கிற மாதிரிக் கையை வீசினார். கொடியில் கிடந்த துணியை எடுத்தார். கீழே இருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, எங்கள் பக்கமாக விரலை நீட்டி அதற்குக் காட்டினார். கடைசியில் கிட்ட வந்து, நேரே பார்த்து, ஏதோ சொன்னார். சத்தமில்லாத படம். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு வெள்ளைச் சுவர். எல்லாமாக மூன்று நிமிடம்.

"கடைசியில என்ன சொன்னவ?" என்று அம்மா கேட்டார்.

"அதுதான் அக்கா, எனக்கு நினைவில்லை. நானும் எத்தனையோ தரம் யோசிச்சுப் பார்த்திட்டன்."

அதற்குள் சின்னவள் எழும்பிச் சுவரடிக்குப் போய்விட்டாள். வெறுஞ்சுவரை இரண்டு கையாலும் தடவினாள். "அம்மா" என்றாள். என் அம்மா "என்ன குஞ்சு?" என்று எழும்பினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா சுருளைத் திரும்பப் பூட்டினார். இந்த முறை அவள் சுவரை விட்டு விலகவில்லை. மாமியின் சிரிப்பு அவளுடைய முதுகிலும் சட்டையிலும் விழுந்து அசைந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அம்மா புட்டைக் குழைத்து அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். அவள் தலையைத் திருப்பினாள்.

"நீங்க அம்மா இல்லை. நீங்க மாமி."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவின் கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது. எனக்கு உள்ளே சந்தோசமாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், மிகச் சந்தோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான். விடிந்ததும் அவள் வலையறைக் கதவில் போய்த் தட்டுவாள். "அம்மாவைப் போடுங்கோ." மாமா மறுக்கமாட்டார். ஒரு நாளில் மூன்று தரம், நாலு தரம். கதவைத் திறந்து வெளிச்சம் வந்ததும் அழத் தொடங்குவாள். அந்த அழுகை மணிக்கணக்காக நிற்காது. அம்மாவின் கையால் சாப்பிடமாட்டாள். மெலிந்துபோனாள். பிறகு காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரி அப்போதிக்கரி நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, "வருத்தமெண்டு ஒண்டையும் காணேல்லை. பிள்ளைக்கு ஏக்கம்" என்றார்.

ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்றைக்குத்தான் அம்மாவும் மாமாவும் சண்டைபிடித்தார்கள். அவர்கள் சண்டைபிடித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"செத்தவளை ஒவ்வொரு நாளும் எழுப்பி எழுப்பிக் காட்டினால் பிள்ளை என்னெண்டடா தப்பும்?"

"அவளின்ர தாய், அக்கா."

"தாய்தான். ஆர் இல்லையெண்டது? நீ இன்னும் ரெண்டு மாசத்தில கப்பலுக்குப் போயிடுவாய். பிறகு இவள் தாயைக் கேட்டு அழேக்கை நான் எதைக் காட்டித் தேத்துறது? சுவரையோ?"

மாமா அடுத்த நாளும் படம் போட்டார்.

அம்மா சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. ஆனால் நியாயம் மட்டும்தான் அதில் இருந்தது என்றும் சொல்ல ஏலாது.

இரண்டு நாள் கழித்து மாமா கொம்பனிக்குப் போன் எடுக்க யாழ்ப்பாணம் போனார். பஸ் போன சத்தம் அடங்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மாமாவின்ர பெட்டிக்குள்ள மஞ்சள் டப்பாவில அந்தச் சுருள் கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

ஏன் என்னை அனுப்பினார், தானே ஏன் எடுக்கவில்லை என்று நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. மாமா படுக்கிற அறைக்குள் போனேன். பெட்டித் திறப்பு அவருடைய தலையணைக்குக் கீழே கிடந்தது. டப்பாவிலிருந்து சுருளை எடுத்தேன். அதன் நுனியைக் கொஞ்சம் இழுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகத்தளவுகூட இல்லாத மாமி, ஒன்றின் கீழ் ஒன்றாக, எத்தனையோ மாமி, எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா எடுத்து வரத்தான் சொன்னார். அதற்கு மேல் செய்தது என்னுடைய புத்தி. டப்பா வெறுமையாய் இருந்தால் மாமா உடனே கண்டுவிடுவார், எனக்குத்தான் பேச்சு விழும் என்று பயந்தேன். மரப்பெட்டிக்குள் பெயரில்லாமல் கிடந்ததில் அதே அளவான ஒரு சுருளைத் தேடி எடுத்து, மஞ்சள் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். பெட்டியைப் பூட்டித் திறப்பை இருந்த இடத்தில் வைத்தேன். ஒன்பது வயதில் இவ்வளவு ஒழுங்காகச் செய்தேன்.

அம்மா அதைச் சோற்றுப் பானைக்குக் கீழே அடுப்புக்குள் வைத்தார். கொழுந்துவிட்டு எரியும் என்று நினைத்தேன். அது எரியவில்லை. சுருங்கி, குமிழ்விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த கட்டியாகியது. தொண்டையைப் பிடிக்கிற புகை. அம்மா சிலுவை அடையாளம் போட்டார். புகை போகச் சாம்பிராணி கொளுத்தினார். அன்றைய சோற்றில் அந்த மணம் இருந்தது. பின்னேரம் வந்து மாமாவும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டார்.

அடுத்த நாள் சின்னவள் கதவில் தட்டினாள். மாமா மஞ்சள் டப்பாவைத் திறந்து சுருளைப் பூட்டினார். சுவரில் ஒரு புல்வெளி வந்தது. ஒரு நாய் ஓடியது. இரண்டு பொடியன்கள் அதைக் கலைத்துக்கொண்டு போனார்கள்.

"இதில்லை" என்றார் மாமா. கொஞ்சம் சிரித்தார்கூட. "சுத்தேக்கை மாறி வைச்சிட்டன் போல."

"அம்மா எங்க?" என்றாள் சின்னவள்.

"பொறு குஞ்சு. அப்பா மாறி வைச்சிட்டன். இப்ப எடுத்துப் போடுறன்."

அன்றைக்குத் தொடங்கினார். முதலில் கிட்ட இருந்த பத்துப் பன்னிரண்டு ரின்கள். பிறகு முதல் றங்குப்பெட்டி. பிறகு இரண்டாவது. பிளாஸ்ரரில் என்ன எழுதியிருந்தாலும் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் பூட்டி, தலையிலிருந்து வால்வரை ஓடவிட்டுப் பார்த்தார். நூற்றுக்கு மேல் சுருள்கள். காலையில் தொடங்கினால் மத்தியானம், மத்தியானம் தொடங்கினால் பொழுதுபடும்வரை. கலியாணங்கள், பிறந்தநாள்கள், கடற்கரைகள், கார் யன்னலுக்குள்ளால் ஓடுகிற மரங்கள். செத்துப்போன எத்தனையோ பேர் கையசைத்தார்கள். நீங்கள் சிரித்த அந்தத் தொப்பிக்காரியும் விழுந்தாள். மாமா சிரிக்கவில்லை. எஞ்சின் அறையில் எந்த ஆணி எங்கே என்று இருட்டிலும் தெரிந்த மனிசன். தன் கையால் ஒரு பொருளை மாறி வைத்துவிட்டார் என்பதை அவரால் தாங்க ஏலாமல் இருந்தது. சாப்பிட வந்திருந்தாலும் விரலால் மேசையில் எண்ணிக்கொண்டிருப்பார். "வியாழக்கிழமை போட்டனான். போட்டிட்டு வாத்துப் படம் போட்டனான். அப்ப வாத்து ரின்னுக்குள்ள... இல்லையே. பார்த்திட்டனே."

நான் அவருக்கு எதிரில் இருந்து சாப்பிட்டேன்.

சின்னவள் அவர் மடியில் இருப்பாள். சுவரில் ஒரு பெண் வரும்போதெல்லாம் "இதோ?" என்று கேட்பாள். "இல்லை குஞ்சு." "இதோ?" "இல்லை." நாட்கள் போகப் போக அவள் கேட்பது குறைந்தது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, சுவரில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். தலையில் துணி கட்டி, கையில் ஒரு குழந்தை. சின்னவள் மடியிலிருந்து இறங்கி ஓடிச் சுவரைத் தொட்டு, "அம்மா" என்றாள்.

மாமா மெசினை நிற்பாட்டினார். நிற்பாட்டிய இடத்தில் பல்ப்பின் சூடு பட்டு அந்த வெள்ளைக்காரியின் முகம் நடுவில் பொத்துக் கறுத்து அகன்றது. மாமா பல்ப்பை அணைக்கவில்லை. அவர் அழுகிற சத்தத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

நான் குசினிக்கு ஓடினேன். "சொல்லுவம் அம்மா."

அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இனிச் சொன்னால் அவன் என்ர முகத்தில முழிக்கமாட்டான். ஆம்பிளைதானே, கொஞ்ச நாளில ஆறிடுவான்."

மூன்று நாள் கழித்துப் பல்ப்பு போனது. வேறு பல்ப்பு இல்லை. கொழும்பிலும் கிடைக்காது என்றார்கள். மரப்பெட்டியில் இன்னும் முப்பது சுருள்வரை மிச்சம். மாமா முற்றத்து வெயிலில் கதிரையைப் போட்டு, கோயில் புத்தகம் வாசிக்கிற பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி, சுருளை இழுத்து இழுத்துச் சூரியனுக்குப் பிடித்துப் பார்த்தார். அவிழ்ந்த படங்கள் அவர் காலைச் சுற்றி மணலில் குவிந்து கிடந்தன. வீதியால் போனவர்கள் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அப்பா வீட்டுக்குப் பின்பக்கத்தால் வந்து போகத் தொடங்கினார். அந்த நாட்களில்தான் நீங்கள் படம் பார்க்க வந்ததும், அம்மா உங்களைத் திருப்பி அனுப்பியதும்.

கடைசிச் சுருளையும் பார்த்து முடித்த அன்று மாமா குளித்து, உடுப்பு மாற்றி, விறாந்தையில் வந்து இருந்தார்.

"அக்கா, இவளைக் கன்னியர் மடத்து விடுதியில சேர்க்கப் போறன். சிஸ்டரோட கதைச்சிட்டன்."

அம்மாவுக்கு விளங்க நேரமெடுத்தது. "ஏன்? நான் செத்தே போனன்?"

"உங்களில பிழை இல்லை. பிழை என்னில. தாயின்ர முகத்தைத் துலைச்சுப்போட்டன். இப்ப இவளுக்கு ஆரைக் கண்டாலும் அம்மாதான். இஞ்ச விட்டால் உங்களைத்தான் தாயெண்டு நினைச்சு வளருவாள். செத்தவளுக்கு நான் அந்தத் துரோகமும் செய்யக்கூடாது."

அம்மா வாயைத் திறந்தார். அந்த நேரம் சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அம்மா திறந்த வாயை மூடி, பிறகு சொன்னார்.

"இடியப்பமெண்டால் சாப்பிடுவாள். சிஸ்டரிட்டைச் சொல்லு."

வாடகைக் கார் வந்தது. பெட்டிகள் ஏறின. ஒரு சுருளைக்கூட மாமா விட்டுவிட்டுப் போகவில்லை. சின்னவள் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாமா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. கார் திரும்பும்வரை அவள் கத்தினது "அம்மா" என்றுதான். கூப்பிட்டது தன்னைத்தான் என்று அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு, கார் போய் நெடுநேரத்துக்குப் பிறகும் அங்கேயே நின்றார்.

அதோடு எனக்குப் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. அம்மாவின் பக்கத்தில் படுத்தேன். அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். சண்டை வந்து தீவை விட்டு ஓடினோம். யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டு அறையொன்றில் இருந்த காலத்தில் அம்மாவுக்கு வருத்தம் முற்றியது. அந்தச் சுருளைப் பற்றி எங்களுக்குள் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன் அம்மா தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"நீ வேறையொண்டை மாத்தி வைக்காமல் விட்டிருந்தால் அவன் களவு போயிட்டுதெண்டு அறிஞ்சிருப்பான். என்னட்டை வந்து கேட்டிருப்பான். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்."

சாகக் கிடக்கிற தாய் ஒன்பது வயதுப் பிள்ளை செய்ததை எடுத்துச் சொல்கிறார். இது நியாயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்றும் தெரியாது.

மாமா தீவுக்குத் திரும்பி வரவேயில்லை. கப்பலை விட்டு ஐரோப்பாவில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் தங்கிவிட்டார். மகளையும் பிறகு கூப்பிட்டுக்கொண்டார். அம்மாவின் செத்தவீட்டுக்கு வர வழியிருக்கவில்லை. நத்தாருக்கு நத்தார் எனக்குப் போன் எடுப்பார். சுகம் கேட்பார், மழை பெய்ததா என்பார், வைத்துவிடுவார். நான் ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்லலாம் என்று நினைத்து, போனை எடுத்து, மழையைப் பற்றிச் சொல்வேன். போன வருசம் போன் மகளிடமிருந்து வந்தது. மாமா போய்விட்டார்.

இந்த வருசம் மாசி மாதத்தில், நான் திரும்பிவந்து இருக்கிற தீவு வீட்டுக்கு மாமாவின் மகள் வந்தாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். மாமியின் உயரம். வந்த அன்றே சேமக்காலைக்குப் போனாள். அடுத்த நாள் காலை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

"அப்பாவின்ர சுருள் எல்லாத்தையும் கடையில குடுத்து இதுக்குள்ள மாத்திப்போட்டன், மச்சாள். எல்லாம் பார்த்து முடிச்சிட்டன். அம்மா இல்லை." ஒரு படத்தைத் தொட்டாள். கட்டியாகிப்போன ஆறு சுருள்கள். "இதுகள் பழுதாகி ஒட்டிப்போச்சு. பிரிக்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு, ஒரு வருசமாவது செல்லுமாம். அம்மா இதுக்குள்ளதான் இருக்கிறா. நீங்கள்தானே அந்தச் சுருளைக் கண்ட ஆள். எது எண்டு சொன்னால் அதை முதல்ல பிரிக்கச் சொல்லுவன். பாருங்கோ."

நான் பார்த்தேன். பார்க்கிற மாதிரி நேரத்தைப் போக்கினேன். அவளுடைய விரல் திரையில் நின்றது. நகம் ஒட்ட வெட்டிய, வேலை செய்து தடித்த விரல்.

"இதுக்குள்ள இல்லை" என்றேன்.

"வடிவாப் பாருங்கோ."

"இதுக்குள்ள இல்லை. ஒண்டுக்குள்ளயும் இல்லை. நாங்கள் எரிச்சுப்போட்டம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் டப்பா, மாற்றி வைத்த சுருள், அடுப்பு. அவளுக்கு வந்த காய்ச்சலையும் சொன்னேன். அம்மாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது, நடுவில் விட்டுவிட்டேன். அவள் இடைமறிக்கவில்லை. கணினித் திரை தானாக இருண்டது.

"அப்பா கண்ணை மூடுறதுக்கு முதல் நாள் என்ர கையைப் பிடிச்சவர்" என்றாள். சத்தம் உயரவில்லை. "நான் சின்னனாய் இருக்கேக்கையிருந்து ஒவ்வொரு வருசமும், அம்மாவின்ர நினைவுநாளில சொல்லுறவர்தான். அண்டைக்கும் சொன்னவர். 'கொம்மாவின்ர முகத்தை நான்தான் துலைச்சனான், என்னை மன்னிச்சுக்கொள்ளு' எண்டு. நான் 'மன்னிச்சிட்டன் அப்பா' எண்டு சொன்னனான்."

கணினியை மூடினாள்.

"அவர் ஒண்டும் செய்யேல்லை மச்சாள். நான் அவரை மன்னிச்சு அனுப்பியிருக்கிறன்."

இன்னும் நாலு நாள் நிற்க வந்தவள். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். பையைத் தூக்கப் போனேன், தரவில்லை. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போய்ச் சேர்ந்தவுடன ஒருக்கா அறிவியும்" என்றேன்.

"ஓம்" என்றாள்.

நாலு மாதமாகிறது. போய்ச் சேர்ந்திருப்பாள்.